48 மணி நேரக் கெடு: தாஜ் ஓட்டல்களின் ‘ஸ்டார்ஸ்’ திட்டமும் ஊழியர் மனக்கணக்கும்

அறையைச் சுத்தம் செய்தவரைப் பாராட்டி விருந்தாளி நாலு வரி எழுதிவிட்டுப் போகிறார். அந்தத் தாள் ஃப்ரண்ட் ஆபீஸிலிருந்து மனிதவளப் பிரிவுக்குப் போகும். பெரும்பாலான ஓட்டல்களில் அதன் பயணம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதிகம் போனால் மாதக் கடைசியில் ஸ்டாஃப் கேன்டீன் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். தாஜ் ஓட்டல்களை நடத்தும் இந்தியன் ஓட்டல்ஸ் கம்பெனி 2001இல் கொண்டுவந்த, பாராட்டுக்குப் புள்ளி தரும் ‘ஸ்டார்ஸ்’ திட்டத்தில் அந்தத் தாளுக்கு ஒரு கெடு இருந்தது. 48 மணி நேரத்துக்குள் குழு கூடி, புள்ளி கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் புள்ளிகள் தாமாகவே ஊழியர் கணக்கில் ஏறிவிடும்.

விருதுகள், கோப்பைகள், சட்டையில் குத்தும் பின் எல்லாம் அந்தத் திட்டத்தில் உண்டு. அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. ஆனால் ஊழியர் மனநிலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பார்க்க வேண்டியது இந்தக் கெடுவைத்தான். தாமதத்தின் நஷ்டம் வழக்கமாக ஊழியர் தலையில் விழும். இங்கே அது நிர்வாகத்தின் பக்கம் திருப்பப்பட்டது. ஓட்டல் ஊழியர் ஒரு திட்டத்தின் நோக்கத்தைப் பெரும்பாலும் எடைபோடுவதில்லை. என் கணக்கு யார் கையில் இருக்கிறது, பதில் எத்தனை நாளில் வரும், கிடைக்காதவனுக்கு யாராவது காரணம் சொல்வார்களா என்ற மூன்றைத்தான் பார்க்கிறார். இந்த ஆய்வு அந்த மூன்றையும் தொட்டுச் செல்கிறது.

டேலண்ட் மேனேஜ்மென்ட் என்று துறையில் சொல்லப்படும் திறன் மேலாண்மை, ஆள் எடுப்பதில் தொடங்கி பயிற்சி, மதிப்பீடு, பாராட்டு, பதவி உயர்வு, தக்கவைத்தல் வரை நீள்கிறது. 1997இல் மெக்கின்சி நிறுவனம் ‘திறமைக்கான போர்’ என்ற பேச்சைக் கிளப்பிய பிறகுதான் இது தனித் துறையாக வளர்ந்தது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களை மனதில் வைத்து உருவான முறைகள் அவை. ஓட்டல்கள் அவற்றை அப்படியே கடன் வாங்கின. மூன்று ஷிஃப்டும், பண்டிகையன்று லீவு இல்லாத வேலையும், மதியம் மூன்று மணிக்கு அனுப்பிவிட்டு மாலை ஏழுக்கு மறுபடி கூப்பிடும் பிரேக் ஷிஃப்டும், சம்பளத்துக்குச் சமமாக எண்ணப்படும் டிப்ஸும் உள்ள இடத்தில் அவை எப்படி உட்காரும் என்று யோசித்தவர்கள் குறைவு.

ஆள் எடுத்த இடம்

மும்பை தாஜ் மகால் பேலஸ் 1903 டிசம்பரில் ஜம்ஷெட்ஜி டாடாவால் திறக்கப்பட்டது. நூறாண்டு கடந்த அந்த ஓட்டலின் ஆள் எடுக்கும் முறை உலகத்தின் கண்ணில் பட்டது 2008 நவம்பரில் அங்கே நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு. ஊழியர்கள் ஏன் தப்பி ஓடவில்லை என்ற கேள்வியோடு ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் விசாரித்து, 2011இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த முறையை விவரமாக எழுதினார்கள்.

முதல்நிலை ஊழியர்களைப் பெருநகரங்களில் தேடாமல் சிறு நகரங்களில் தேடினார்கள். வடக்கே சண்டிகர், டேராடூன். தெற்கே திருச்சி, கோவை. மேற்கே ஔரங்காபாத், நாசிக் போன்ற ஊர்கள். அங்கே ஆள் மலிவாகக் கிடைப்பார்கள் என்பது காரணம் அல்ல என்கிறது அந்த ஆய்வு. பழைய மரியாதைகள் இன்னும் அங்கே பிடிப்போடு இருக்கின்றன என்ற நம்பிக்கைதான் காரணம். பள்ளிகளில் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போது மூன்றைக் கவனித்தார்கள்: பெரியவர்களிடம் மரியாதை, கலகலப்பு, வேலை வேண்டும் என்ற தேவை. மேலாளர் பயிற்சிக்கும் அப்படித்தான். முதல் வரிசை மேலாண்மைக் கல்லூரிகளை விட்டுவிட்டு இரண்டாம் வரிசைக்குப் போனார்கள். முதல் வரிசையிலிருந்து வருபவர் சீக்கிரம் பணம் பார்க்கும் வேறு வழிக்குத் தாவிவிடுவார் என்பது கணிப்பு.

பயிற்சிக் காலம் 18 மாதம். இந்தியாவில் பல ஓட்டல் குழுமங்கள் 12 மாதத்தில் முடித்துக்கொள்கின்றன. தங்கிப் படிக்கும் ஆறு மையங்கள், வாடகையில்லா விடுதி, இலவசச் சாப்பாடு. உதவித்தொகை அப்போது முதல் ஆண்டில் மாதம் ஏறத்தாழ 5,000 ரூபாய், இரண்டாம் ஆண்டில் 7,000. பிள்ளைகள் அதில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

‘தேவை’ என்ற அந்த மூன்றாவது அளவுகோல் இருபக்கமும் வெட்டும். வீட்டில் முதல் சம்பளக்காரராக வருபவர், சீருடையும் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்த இடத்தை எளிதில் குறை சொல்ல மாட்டார். தொடக்க ஆண்டுகளில் அவர் மனநிலையை அளந்தால் எந்தத் திட்டமும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அந்த மதிப்பெண்ணில் பாதி நன்றி, மீதிதான் மதிப்பீடு. நாலாவது ஆண்டில் தங்கை கல்யாணம், வீட்டுக் கடன் என்று வரும்போது தேவையின் அளவே மாறிவிடுகிறது. அப்போது அதே ஆள் வளைகுடா ஓட்டலின் சம்பளத்தையும் சொகுசுக் கப்பலின் டாலர் டிப்ஸையும் ஒப்பிடத் தொடங்குகிறார். பெரிய பேர் உள்ள ஓட்டலில் இரண்டு ஆண்டு வேலை பார்த்த சான்றிதழ், கப்பல் வேலைக்கான ஏஜென்சிகளிடம் நல்ல விலை போகும். அவர் வெளியேறுவது விசுவாசக் குறைவு என்று பல மேலாளர்கள் நினைக்கிறார்கள். எந்தத் தேவையைப் பார்த்து அவரை எடுத்தார்களோ அதே தேவைதான் அவரை வெளியே அனுப்புகிறது.

நீண்ட பயிற்சியைப் பற்றிய மனநிலையும் ஒரே சீராக இருப்பதில்லை. இது துறை முழுவதற்கும் பொருந்தும். முதல் ஆறு மாதம் கற்கிறோம் என்ற எண்ணம். ஒன்பதாவது மாதத்துக்கு மேல், பக்கத்தில் நிற்கும் நிரந்தர ஊழியர் செய்யும் அத்தனையும் தானும் செய்கிறோம் என்பது புரிந்துவிடும். ‘டிரெய்னின்னு பேரு, செய்யறது முழு ஆள் வேலை’ என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும். ஓட்டலில் ஆள் குறைவாக இருக்கும் மாதங்களில் பயிற்சியாளர் ஒரே துறையில் முடங்கிவிடுவது இதற்குப் பெரிய காரணம். சுழற்சி அட்டவணையில் எட்டு வாரம் ஹவுஸ்கீப்பிங், எட்டு வாரம் ரெஸ்டாரன்ட் என்று இருக்கும். நடைமுறையில் கல்யாணம், மாநாடு என்று பாங்க்வெட் விருந்து சீசன் வந்தால் நாலு மாதமும் தட்டு தூக்குவதுதான் நடக்கும். கையெழுத்துப் போட்ட பயிற்சி நோட்டுப் புத்தகம் ஒன்று சொல்ல, ரோஸ்டர் என்ற பணி அட்டவணை வேறொன்று சொன்னால் பயிற்சியாளர் ரோஸ்டரைத்தான் நம்புவார்.

ஸ்டார்ஸ் நடந்த விதம்

புள்ளி கிடைக்க மூன்று வாசல்கள் இருந்தன: விருந்தாளியின் பாராட்டு, சக ஊழியரின் பாராட்டு, ஊழியர் தானே கொடுக்கும் யோசனை. ஜெனரல் மேனேஜர், மனிதவள மேலாளர், பயிற்சி மேலாளர், சம்பந்தப்பட்ட துறைத் தலைவர் ஆகியோர் கொண்ட குழு அவற்றைப் பார்க்கும். முடிவும் கருத்தும் நிறுவனத்தின் உள் இணையத்தில் ஏறும், மற்றவர்களும் படிக்கலாம். 48 மணி நேரக் கெடு இந்தக் குழுவுக்குத்தான்.

படிகள் ஐந்து. மூன்று மாதத்தில் 120 புள்ளி சேர்த்தால் சில்வர். அடுத்த மூன்று மாதத்துக்குள் 130 சேர்த்தால் கோல்டு. அதன் பின் ஆறு மாதத்துக்குள் 250 சேர்த்தால் பிளாட்டினம். 510க்கு மேல் போனால் தலைமை இயக்க அதிகாரி பெயரிலான கிளப், 760 தொட்டால் நிர்வாக இயக்குநர் கிளப். முதல் மூன்று படிகளுக்கும் துறை அளவிலேயே பரிசுச் சீட்டு, பின், கேடயம் கொடுத்தார்கள். உச்சிப் படிக்குக் குழுமம் முழுவதும் கூடும் ஆண்டு விழாவில் படிகக் கோப்பையும் சான்றிதழும். 2002இல் உலக விருந்தோம்பல் துறையில் மனிதவளப் புதுமைக்கான ஹெர்மிஸ் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

எண்களைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். சில்வருக்கு மாதம் 40 புள்ளி. கோல்டுக்கு 43 சொச்சம். பிளாட்டினத்துக்கு மறுபடி 42க்குள். அதாவது ஏணி ஏற ஏறச் செங்குத்தாகவில்லை. வேகம் ஏறத்தாழ ஒன்றுதான், நிற்காமல் நடக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அவ்வப்போது ஒரு சாகசம் செய்பவரைவிட நாள்தோறும் ஒழுங்காக இருப்பவருக்கு ஏற்ற கணக்கு இது. மூன்று படிகளையும் கூட்டினால் 500. அடுத்த கிளப்புக்கு 510. பிளாட்டினம் தொட்டவர் பத்துப் புள்ளி தூரத்தில் நிற்கிறார். அந்த இடத்தில் யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

குறை எங்கே என்றால் கால எல்லையில். 3, 3, 6 மாதம் கூட்டினால் சரியாக 12. நடுவில் பிரசவ விடுப்பு, விபத்து, ஊருக்கு மாற்றல் என்று ஒரு காலாண்டு போனால் ஓட்டம் அறுந்துவிடும். இப்படி மாதக் கணக்கு வைக்கும் எந்தத் திட்டத்திலும் முதலில் நம்பிக்கை இழப்பவர்கள் சோம்பேறிகள் அல்லர், இடையில் நின்றுபோனவர்கள்தான். காலத்தை நிறுத்திவைத்துத் திரும்பி வந்த நாளிலிருந்து தொடரும் விதி ஒன்று எழுத்தில் இருந்தால் போதும். மனிதவளப் பிரிவின் நல்லெண்ணத்தை நம்பி இதை விட்டுவிடக் கூடாது.

பாத்திரம் கழுவுபவரைப் பாராட்டுவது யார்

ஒரு விருந்தாளி 24 மணி நேரம் தங்கினால் ஊழியர்களோடு 40 முதல் 45 முறை தொடர்பு ஏற்படும் என்று அந்த ஹார்வர்டு ஆய்வு சொல்கிறது. இந்த 45இல் ஃப்ரண்ட் ஆபீஸுக்கும் ரெஸ்டாரன்டுக்கும் பெரும்பங்கு. ஒரு ஷிஃப்டில் 14, 15 அறைகளை முடிக்கும் ரூம் அட்டெண்டன்டுக்கு விருந்தாளி முகம் காட்டுவதே அபூர்வம். சமையலறையின் பின்பக்கம் நின்று பாத்திரம் தேய்க்கும் யூட்டிலிட்டி ஊழியருக்கும், லாண்டரியில் இஸ்திரி போடுபவருக்கும், பாய்லர் அறையில் இருக்கும் பொறியியல் பிரிவுக்காரருக்கும் அது முழுப் பூஜ்யம். விருந்தாளி பாராட்டை மட்டும் நம்பும் திட்டம் ஓட்டலை இரண்டாகப் பிளந்துவிடும். முன்வாசல் ஆட்கள் நட்சத்திரம், பின்வாசல் ஆட்கள் கைதட்டும் கூட்டம்.

அதனால்தான் சக ஊழியர் பாராட்டு என்ற இரண்டாவது வாசல் அவசியம். ஆனால் கெட்டுப்போவதும் முதலில் அதுதான். ‘நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதறேன்’ என்ற கொடுக்கல் வாங்கல் மூன்றாவது மாதத்திலேயே தொடங்கும். இதைத் தடுக்கப் பல ஓட்டல்கள் செய்யும் தவறு, மாதத்துக்கு இத்தனை பாராட்டுத்தான் என்று உச்சவரம்பு போடுவது. அப்போது நேர்மையானவருக்கும் அடி விழும். வேறு துறையைச் சேர்ந்தவர் எழுதினால் மட்டும் முழுப் புள்ளி, சொந்தத் துறைக்காரர் எழுதினால் பாதி என்று வைத்தால் பெரும்பாலான கூட்டு உடைந்துவிடும். எழுதுபவர் நாள், நேரம், இடம், என்ன நடந்தது என்ற நான்கையும் குறிப்பிட வேண்டும். ‘எப்போதும் சிரித்த முகம்’ என்று எழுதினால் திருப்பி அனுப்ப வேண்டும். ‘14ஆம் தேதி இரவு 11.20க்கு லிஃப்ட் நின்றபோது மூன்றாம் மாடி வரை தள்ளுவண்டியைப் படியில் தூக்கி வந்தார்’ என்றால் குழுவுக்கு வேலை சுலபம்.

மூன்றாவது வாசலான யோசனை, பின்வாசல் துறைகளுக்கு உண்மையான வாய்ப்பு. கண்ணாடிக் குவளை ஏன் உடைகிறது, எந்த அலமாரி உயரத்தில் தட்டு அடுக்கினால் முதுகு வலிக்காது, எந்த மாடியின் லினன் அறையில் போர்வை எப்போதும் பற்றாது என்பதெல்லாம் அங்கே நிற்பவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்கள் எழுதித் தர மாட்டார்கள். தமிழகத்து ஓட்டல்களில் பாத்திரம் கழுவும் ஸ்டூவர்டிங், ஹவுஸ்கீப்பிங் பிரிவுகளில் ஒடிசா, மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஆங்கிலப் படிவம் ஒரு சுவர். வாய்ச்சொல்லாகச் சொன்னதை சூப்பர்வைசர் எழுதிக்கொண்டால் யோசனை சூப்பர்வைசர் பெயரில் போய்ச் சேரும் ஆபத்து உண்டு. அப்படி ஒருமுறை நடந்தால் அந்தத் துறை ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காது. அவரவர் மொழியில் செல்போனில் ஒரு நிமிடம் குரல் பதிவு செய்து நேரே பயிற்சி மேலாளருக்கு அனுப்பச் சொல்வது இதற்கு எளிய மாற்று.

ரகசியப் பட்டியல்

பாராட்டுத் திட்டம் எல்லாருக்கும் திறந்தது. திறன் மேலாண்மையின் மற்ற பாதி அப்படி இல்லை. நாளைய துறைத் தலைவராக வரக்கூடியவர்கள் என்று சிலரைத் தனியே குறித்து வைப்பது அது. ஒன்பது கட்டம் போட்ட தாளில் ஒரு பக்கம் இன்றைய வேலைத்திறன், இன்னொரு பக்கம் நாளைக்கான வாய்ப்பு என்று பெயர்களை அடுக்குவார்கள். மேல் வலது மூலைக் கட்டத்தில் இருப்பவர்களிடம்கூட நீ இங்கே இருக்கிறாய் என்று சொல்லாத ஓட்டல்களே அதிகம். சொன்னால் தலைக்கனம் வரும், இல்லாதவர்கள் மனம் உடைவார்கள் என்பது வாதம்.

இந்த வாதத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. நார்டிக் நாடுகளைச் சேர்ந்த 9 பன்னாட்டு நிறுவனங்களின் மேலாளர்களையும் நிபுணர்களையும் கேட்டு 2013இல் வெளியானது. தாங்கள் திறனாளர் பட்டியலில் இருப்பதாக அறிந்தவர்கள் கூடுதல் பொறுப்பை ஏற்கவும் புதிதாகக் கற்கவும் அதிக விருப்பம் காட்டினார்கள். இல்லை என்று அறிந்தவர்களுக்கும், இருக்கிறோமா இல்லையா என்றே தெரியாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது ஓட்டல் துறையில் செய்யப்பட்டதல்ல; அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும், ரகசியம் காப்பதால் நிர்வாகம் எதிர்பார்க்கும் லாபம் கிடைப்பதாக அதில் தெரியவில்லை.

ஓட்டலில் ரகசியம் காப்பதும் நடக்காத காரியம். புதிய ஓட்டல் திறக்கும்போது இரண்டு மாதம் உதவிக்குப் போகும் குழுவில் யார் பெயர் வருகிறது, எந்தச் சமையல்காரரை வேறு ஊர் கிச்சனுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், டியூட்டி மேனேஜர் லீவில் போனால் யார் அந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பதை கேன்டீனில் இருக்கும் எல்லாரும் பார்க்கிறார்கள். பட்டியல் வெளியாகிவிடும், அதன் காரணம் மட்டும் வெளியாகாது. காரணம் தெரியாத இடத்தை சாதி, ஊர், ஜெனரல் மேனேஜரின் மொழி என்று ஏதாவது ஒன்று நிரப்பிக்கொள்ளும். ‘அவன் செஃப்போட ஆளு’ என்ற மூன்று சொல்லில் ஓராண்டு மதிப்பீட்டு வேலை வீணாகிவிடும்.

புள்ளி என்றால் எத்தனை ரூபாய்

ஓட்டல் ஊழியருக்குப் புள்ளி என்ற சொல் புதிதல்ல. சர்வீஸ் சார்ஜ் வசூலித்துப் பகிரும் ஓட்டல்களில் பதவிக்கு இத்தனை புள்ளி என்று வைத்து, மாதம் சேர்ந்த தொகையை மொத்தப் புள்ளியால் வகுத்துக் கொடுப்பது பழைய பழக்கம். ஆகவே பாராட்டுத் திட்டத்தைப் ‘புள்ளி’ என்று அறிமுகம் செய்யும்போது முதல் கேள்வி ஒரு புள்ளிக்கு எவ்வளவு என்பதாகவே இருக்கும். அதைப் பேராசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் சட்டமும் குறுக்கிட்டிருக்கிறது. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஓட்டல்களும் உணவகங்களும் சர்வீஸ் சார்ஜைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தத் தொகை ஊழியர்களுக்குத்தான் போகிறது என்று உணவகச் சங்கங்கள் வாதாடின. பகிர்ந்து கொடுத்த இடங்களில் அது குறைந்தால் கைக்கு வரும் மொத்த வருமானம் குறையும். அதே மாதத்தில் பாராட்டு விழாவும் பின்னும் கேடயமும் வந்தால் ஊழியர் அதை எப்படிப் பார்ப்பார் என்று விளக்கத் தேவையில்லை. வருமானம் இறங்கும் மாதத்தில் புதிய அங்கீகாரத் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கெட்ட நாட்கள்

2008 நவம்பர் 26 இரவில் மும்பை தாஜில் ஊழியர்கள் விருந்தாளிகளை வெளியேற்றுவதற்காக உள்ளேயே நின்றார்கள். ஹார்வர்டு ஆய்வின் கணக்குப்படி 11 ஊழியர்கள் உயிரிழந்தார்கள். ஜெனரல் மேனேஜர் கரம்பீர் காங், தன் மனைவியும் இரு மகன்களும் ஓட்டலின் ஆறாம் மாடியில் சிக்கியிருந்த நிலையிலும் மீட்புப் பணியில் நின்றார். மூவரும் உயிர் தப்பவில்லை.

இதை ஸ்டார்ஸ் திட்டத்தின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டும் உரைகள் மேலாண்மை வகுப்புகளில் நிறையக் கேட்கும். அது கொஞ்சம் அதிகப்படி. 120 புள்ளிக்காக யாரும் துப்பாக்கிக்கு முன் நிற்பதில்லை. அப்படி நிற்கச் சொல்லும் கையேடும் எந்த ஓட்டலிலும் கிடையாது. ஆள் எடுத்த விதமும், விருந்தாளியின் பக்கம் நின்று முடிவெடுக்கலாம் என்று கொடுத்த பழக்கமும் அந்த நடத்தைக்கு இடம் கொடுத்தன என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊழியர் மனநிலையைப் பொறுத்தவரை அதற்குப் பின் நடந்ததே முக்கியம். அடுத்த மாதமே தாஜ் பொதுச்சேவை நல அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவி ஓட்டல் ஊழியர்களோடு நிற்கவில்லை. டவர் பகுதி 2008 டிசம்பர் 21 அன்றும், பழைய மாளிகைப் பகுதி 2010 ஆகஸ்ட் 15 அன்றும் மீண்டும் திறந்தன.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கெட்ட நாளில் ஊழியரை எப்படி நடத்துகிறார்கள் என்ற சோதனையை இந்திய ஓட்டல்கள் முழுவதும் சந்தித்தன. ஊர் திரும்பிய ஊழியர்களில் பலர் துறைக்கே திரும்பவில்லை. சம்பளம் குறைப்பதாக இருந்தால் மேலிருந்து தொடங்கியதா கீழிருந்து தொடங்கியதா, போன் செய்து விசாரித்தார்களா, விடுதியைக் காலி செய்யச் சொன்னார்களா என்பதை ஊழியர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு வந்த எந்தத் திறன் திட்டத்தையும் அந்த நினைவின் வழியாகத்தான் கேட்கிறார்கள்.

மனநிலையை அளக்கும்போது

ஆண்டுக்கு ஒருமுறை 60 கேள்வி கொண்ட கணினிப் படிவத்தைக் கொடுத்து, 87 சதவீதம் திருப்தி என்று பலகையில் எழுதுவது வழக்கம். அந்த எண்ணில் பயன் குறைவு. 15 கேள்விக்கு மேல் போனால் நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர் எல்லாவற்றுக்கும் நாலு என்று வட்டமிட்டுவிட்டுப் போய்விடுவார். தாளை சூப்பர்வைசர் விநியோகிக்கக் கூடாது. சம்பள உயர்வு அறிவிக்கும் மாதத்திலும் போனஸ் மாதத்திலும் எடுக்கக் கூடாது. எட்டுப் பேருக்குக் குறைவான துறையின் முடிவைத் தனியாக வெளியிடக் கூடாது. கையெழுத்து இல்லாவிட்டாலும் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அது ஊழியருக்கும் தெரியும்.

கேள்விகள் கருத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது நல்லது. ‘பயிற்சி வாய்ப்புகள் நியாயமாக வழங்கப்படுகின்றனவா’ என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். அதைவிட: கடந்த 30 நாளில் உங்கள் வேலையைக் குறிப்பிட்டு மேலதிகாரி ஏதாவது சொன்னாரா? இந்த மாதம் வீக் ஆஃப் எத்தனை முறை மாறியது? அடுத்த கிரேடுக்குப் போக என்னென்ன வேண்டும் என்று இரண்டு சொல்ல முடியுமா? கடைசியாக விண்ணப்பித்த பதவி கிடைக்காதபோது காரணம் சொன்னார்களா? இவற்றுக்கு ஆம், இல்லை, ஒரு எண் போதும். மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பேர் விடை தெரியாமல் விழித்தால் பதவி உயர்வுக் கொள்கை தாளில் மட்டும்தான் இருக்கிறது என்று பொருள்.

வெளியேறுவோர் கணக்கையும் உடைத்துப் பார்க்க வேண்டும். 200 பேர் உள்ள ஓட்டலில் ஆண்டுக்கு 60 பேர் விலகினால் 30 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 60இல் 35 பேர் சேர்ந்து 90 நாளுக்குள் போயிருந்தால் பிரச்சினை தொழில் வளர்ச்சிப் பாதையில் இல்லை. ஆள் எடுக்கும்போது பிரேக் ஷிஃப்டைச் சொல்லாததில், விடுதியில், முதல் வாரம் யாரும் கூட இருந்து காட்டிக்கொடுக்காததில் இருக்கிறது. மாறாக 35 பேர் மூன்றாம் ஆண்டில் போயிருந்தால், அவர்களில் எத்தனை பேர் ஒரே கிரேடில் 24 மாதத்துக்கு மேல் நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். முதலாவதற்கு விருது விழா மருந்தாகாது. இரண்டாவதற்கு விடுதிக்கு வெள்ளை அடிப்பது மருந்தாகாது.

நடுத்தர ஓட்டலில் செய்து பார்ப்பதானால்

ஐந்து படி, படிகக் கோப்பை எல்லாம் பெரிய குழுமத்துக்கு. கோவையிலோ மதுரையிலோ 100 அறை, 130 ஊழியர் உள்ள ஓட்டல் கெடுவை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஒரு பேரேடு. அதில் ஏழு பத்தி: வரிசை எண், வந்த நாளும் நேரமும், யார், எந்தத் துறை, என்ன நடந்தது, முடிவு, முடிவு சொன்ன நேரம். காலை மீட்டிங் முடிந்ததும் ஜெனரல் மேனேஜர், மனிதவள மேலாளர், அந்தத் துறைத் தலைவர் மூவரும் பத்து நிமிடம் நின்று முடிவெழுத வேண்டும். பயிற்சி மேலாளர் என்று தனியே ஆள் இருக்காது, பரவாயில்லை.

தடுமாறும் இடங்கள் மூன்று. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. மனிதவளப் பிரிவுக்கு விடுமுறை. சனி மதியம் வந்த தாள் திங்கள் காலை பார்க்கும்போது 44 மணி நேரம் ஓடியிருக்கும். கெடுவை 72 ஆக நீட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். நீட்டினால் அது 96 ஆகும், பிறகு மாதக் கடைசி ஆகும். டியூட்டி மேனேஜருக்கு ஞாயிறன்று முடிவெழுதும் உரிமை கொடுப்பதே வழி. இரண்டு, துறைத் தலைவர் தன் ஆட்களுக்கு மறுப்பே எழுதாமல் கெடு கடக்க விட்டுவிடுவது. புள்ளி தாமாக ஏறும், பழியும் வராது. மூன்று, மறுப்புக்குக் காரணம் எழுதாமல் விடுவது. ‘வழக்கமான பணி’ என்ற இரண்டு சொல் காரணம் ஆகாது. வழக்கமான பணி எது, அதற்கு மேல் எது என்பதை அந்தத் துறையின் வேலைப் பட்டியலிலிருந்து ஒரு வரி எடுத்து எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் நேரில் சொல்ல வேண்டும். கேட்டவர் வாதாடினால் நல்ல அறிகுறி. வாதாடாமல் தலையாட்டிவிட்டுப் போகிறவரைத்தான் கவனிக்க வேண்டும்.

மாதம் முடிந்ததும் பேரேட்டிலிருந்து கெடு தவறித் தாமாக ஏறிய பதிவுகளைத் துறைவாரியாக எண்ணிப் போர்டில் எழுதலாம். ஹவுஸ்கீப்பிங் 2, கிச்சன் 11, ஃப்ரண்ட் ஆபீஸ் 1 என்று வந்தால், கிச்சனில் கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன் செஃப்பின் காலை அட்டவணையை எடுத்துப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.